அமெரிக்காவில் இருக்கிற சுரேஷ்குமார் நான் இல்லை என்று எப்படி நிரூபிப்பது?

கேள்வி: ஐயா, நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். 1992இல் பிறந்தவன். சிமா (முகாமைக் கணக்காளர்) தகைமை முடித்துவிட்டு, வெளிநாட்டு முதலீட்டு வங்கிகளுக்கு இங்கிருந்தே கணக்கு, ஆய்வு வேலைகள் செய்துகொடுக்கும் ஒரு கம்பனியில் வேலை செய்கிறேன். போன மாதம் அதே துறையில் வேறொரு கம்பனி நல்ல சம்பளத்தோடு வேலைக் கடிதம் தந்தது. இங்கே இராஜினாமாவும் கொடுத்துவிட்டேன். இப்போது புதிய இடத்து எச்.ஆர்., "பின்னணிப் பரிசோதனையில் ஒரு விஷயம் வந்திருக்கிறது, நீங்கள் சேரும் திகதியைத் தள்ளிவைக்கிறோம்" என்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டபிறகு அறிக்கையில் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பினார்கள். அமெரிக்காவில் பங்குத் தரகராக இருந்த, என் பெயரே உள்ள ஒருவர்மீது வாடிக்கையாளர் முறைப்பாடும் ஒழுக்காற்று நடவடிக்கையும் இருக்கிறதாம். நான் அமெரிக்காவுக்குப் போனதே இல்லை, விசாவுக்குக்கூட விண்ணப்பித்ததில்லை. பெயரை மாற்றிவிடலாமா? அந்தப் பதிவை இணையத்திலிருந்து எடுக்கவைக்க முடியுமா? கம்பனிமீது வழக்குப் போடலாமா? மனைவிக்கு எட்டாம் மாதம், முதல் பிள்ளை. கடைசியாக ஒன்று, சிரிக்காதீர்கள்: பிள்ளைக்கு யாருக்குமே இல்லாத பெயராக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை வராதுதானே?

பெயர் வேண்டாம், கொழும்பு 6

பதில்:

தம்பி, உங்கள் நிஜப் பெயரை நான் போடவில்லை. தலைப்பில் இருக்கிற சுரேஷ்குமாரையே வைத்துக்கொள்வோம். உங்களுடையதும் அதற்குச் சளைத்ததில்லை, வெள்ளவத்தைச் சந்தையில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற பெயர்தான்.

கேட்ட மூன்றுக்கும் சுருக்கமாகச் சொல்வதானால்: பெயரை மாற்ற வேண்டாம், அந்தப் பதிவை எடுக்கவைக்க முடியாது, வழக்கு இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் இன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், அதில் ஒரே ஒரு கேள்வி: இந்தப் பதிவுக்கும் எனக்கும் பெயரைத் தவிர வேறு எது பொருந்தியது? பிறந்த திகதியா, விலாசமா, கடவுச்சீட்டு இலக்கமா, படிப்பா, முன்னைய வேலையா, எது? நீங்கள் இதுவரை அவர்களுக்கு எழுதியதையெல்லாம் எனக்கும் அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். எல்லாவற்றிலும் "நான் நேர்மையாக வேலை செய்தவன், என்மேல் இதுவரை ஒரு முறைப்பாடும் வந்ததில்லை" என்றுதான் இருக்கிறது. அது யாருக்கும் உதவாது. நல்ல ஆள் என்று காட்டப் புறப்பட்டால் அதற்கு முடிவே கிடையாது, எவ்வளவு சொன்னாலும் கேட்கிறவர் இன்னும் கொஞ்சம் கேட்பார். வேறு ஆள் என்று காட்ட ஒரு திகதி போதும்.

அந்தத் திகதி உங்கள் கையிலேயே இருந்தது, பதற்றத்தில் கவனிக்கவில்லை. நீங்கள் அனுப்பிய பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'சிஆர்டி' என்று ஒரு இலக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் பங்குத் தரகர்களை மேற்பார்வை செய்யும் அமைப்பு ஃபின்ரா. அவர்கள் 'புரோக்கர்செக்' என்று ஒரு பொதுப் பதிவேடு வைத்திருக்கிறார்கள், யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ஒரே பெயரில் எத்தனை பேர் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி சிஆர்டி இலக்கம், அது இன்னொருவருக்குப் போகாது. அந்த இலக்கத்தை அங்கே போட்டுப் பார்த்தேன், முழு அறிக்கையும் வந்தது. எந்தக் கம்பனியில் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எந்த ஊர்க் கிளை, எந்தப் பரீட்சை எந்தத் திகதியில் சித்தி என்று வரிசையாக இருக்கிறது. உங்கள் பெயர்க்காரர் தரகர்களுக்கான 'சீரிஸ் 7' பரீட்சையில் சித்தியடைந்தது 2001இல். நீங்கள் 1992இல் பிறந்தவர். அதாவது அவர் அமெரிக்காவில் பங்கு விற்க உரிமம் வாங்கும்போது நீங்கள் இங்கே நாலாம் வகுப்பில், புலமைப்பரிசில் பரீட்சைக்குக்கூட இன்னும் உட்காரவில்லை. நீங்கள் ஓ.எல். எழுதிய 2008இல் அவர் ஏற்கனவே இரண்டாவது கம்பனியில் இருக்கிறார். முறைப்பாடு 2015இல், துறையைவிட்டுப் போனது 2017இல். அந்த இரண்டு வருடத்திலும் நீங்கள் கொழும்பில் மாதச் சம்பளம் வாங்கியிருக்கிறீர்கள்.

இதைப் பார்க்க எனக்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. காசு வாங்கிக்கொண்டு பின்னணி பார்க்கிற நிறுவனம் இதைப் பார்க்கவில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் எப்படிப் பேசுவது என்று தெரியும்.

இந்தப் பரிசோதனையை உங்களை வேலைக்கு எடுக்கிற கம்பனி செய்வதில்லை, வெளியாரிடம் கொடுத்துவிடும். அவர்கள் உங்கள் பெயரை உலகத்தில் இருக்கிற பட்டியல்கள் எல்லாவற்றிலும் ஒரே வீச்சில் ஓட்டுவார்கள்: தடைப் பட்டியல்கள், ஒழுங்குமுறை அமைப்புகளின் பதிவேடுகள், பத்திரிகைச் செய்திகள். கணினி பொருத்தம் என்று சொல்வதை ஒரு மனிதன் உட்கார்ந்து பார்த்துக் கழிக்கவேண்டும். அந்த மனிதனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கோப்பு முடிக்கவேண்டும் என்று கணக்கு. கழித்துவிட்டுப் பின்னால் பிரச்சினை வந்தால் அவன் தலை உருளும், கழிக்காமல் அனுப்பினால் உங்கள் தலைதான் உருளும். அவன் எதைச் செய்வான் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதோடு நம்முடைய பெயர்கள் அந்தப் படிவங்களுக்காகச் செய்யப்பட்டவை இல்லை. உங்கள் பிறப்புச் சான்றிதழில் 'சுரேஷ்குமார்' ஒரே சொல், முன்னால் அப்பாவின் பெயர். கடவுச்சீட்டில் அது ஏதோ ஒரு வசதிக்காக இரண்டாக உடைந்திருக்கிறது. வேலை விண்ணப்பப் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நீங்களே 'குமார்' என்று போட்டிருக்கிறீர்கள், அப்பாவின் பெயரை ஒரே எழுத்தாகச் சுருக்கிவிட்டீர்கள். உங்களை மற்றச் சுரேஷ்குமார்களிடமிருந்து பிரித்துக்காட்டுகிற ஒரே பகுதி அப்பாவின் பெயர், அதைத்தான் நாம் எல்லோரும் முதலில் வெட்டுகிறோம். இலங்கையில் 'முதலெழுத்துகளுடன் பெயர்' என்று எல்லாப் படிவத்திலும் ஒரு கட்டம் இருப்பதால் நமக்கு அது பழகிவிட்டது. இங்கே பக்கத்தில் அடையாள அட்டை இலக்கமும் இருக்கும், ஆகவே தப்பிவிடுவோம். வெளிநாட்டுத் தேடலில் அந்த இலக்கம் யாருக்கும் ஒன்றும் சொல்லாது, மிஞ்சுவது 'சுரேஷ் குமார்' மட்டும். இந்தியாவிலிருந்து அமெரிக்கா போனவர்களிலேயே அந்தப் பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை என்பதற்கு ஒரு பிரபலமான வழக்கு இருக்கிறது, எச்.ஆரிடம் பேசும்போதும் கைகொடுக்கும். 2011 பெப்ரவரியில் கலிபோர்னியாவில் செர்ஜியோ ராமிரெஸ் என்பவர் மனைவியோடும் மாமனாரோடும் கார் வாங்கப் போனார். கார் விற்கிறவர் அவருடைய கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்துவிட்டு, உங்கள் பெயர் பயங்கரவாதிகள் பட்டியலில் இருக்கிறது, உங்களுக்குக் கார் விற்கமுடியாது என்று சொல்லிவிட்டார். கடைசியில் காரை மனைவி பெயரில் வாங்கவேண்டி வந்தது. அமெரிக்கத் திறைசேரியின் தடைப் பட்டியலில் இருந்த வேறு ஆட்களின் பெயரோடு அவருடைய பெயர் ஒத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். டிரான்ஸ்யூனியன் என்ற அந்தக் கடன் தகவல் நிறுவனம் முதற்பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டும்தான் ஒப்பிட்டிருக்கிறது, பிறந்த திகதியைக்கூடப் பார்க்கவில்லை. வழக்கில் இதேபோல் மாட்டியவர்கள் 8,185 பேர் என்று வந்தது. 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், அதில் யாருடைய அறிக்கை உண்மையிலேயே வெளியாருக்குப் போனதோ அந்த 1,853 பேருக்குத்தான் வழக்காட உரிமை இருக்கிறது என்று தீர்ப்பானது. மற்றவர்களுடைய கோப்பிலும் அதே தவறு இருந்தது, ஆனால் வெளியே போகாததால் அவர்கள் கணக்கில் வரவில்லை. இந்தத் தீர்ப்பு எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை, அது வேறு கதை. உங்களுக்கு வேண்டியது இவ்வளவு: பெயரை மட்டும் வைத்துப் பொருத்துவது எவ்வளவு மோசமான வேலை என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதை நீங்கள் மரியாதையாக எழுத்தில் நினைவூட்டினாலே அவர்களுடைய சட்டப் பிரிவு எழுந்து உட்காரும்.

சரி, இப்போது மின்னஞ்சல். நீளமாக வேண்டாம், கண்ணீரும் வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதுங்கள், விஷயம் இப்படி இருக்கட்டும்: இந்த சிஆர்டி இலக்கமுடைய நபர் நான் இல்லை. அவர் 2001இல் உரிமம் பெற்றவர், நான் 1992இல் பிறந்தவன், அப்போது எனக்கு 9 வயது. முறைப்பாடு எழுந்த 2015இல் நான் கொழும்பில் முழுநேர வேலையில் இருந்தேன், அத்தாட்சி இணைத்திருக்கிறேன். பெயரைத் தவிர வேறு எந்த அடையாளம் பொருந்தியது என்று தயவுசெய்து எழுத்தில் அறியத்தரவும். முழு அறிக்கையின் பிரதியொன்றையும் தரவும். அறிக்கை தயாரித்தவர்களிடம் இதை மறுபரிசீலனைக்கு அனுப்பி, திருத்திய அறிக்கை வரும்வரை என் விண்ணப்பத்தை நிராகரிக்காமல் வைத்திருக்கவும். இவ்வளவுதான். எச்.ஆர். பெண்ணுக்கு மட்டும் அனுப்பாமல், உங்களை நேர்முகத்தில் பார்த்த மனேஜருக்கும் பிரதி போடுங்கள். அவருக்கு நீங்கள் வேலைக்கு வேண்டும், எச்.ஆருக்குக் கோப்பு மூடவேண்டும், இரண்டும் ஒன்றில்லை.

பிரதி கேட்பதும் மறுபரிசீலனை கேட்பதும் நானாக யோசித்துச் சொல்கிற வழியில்லை. அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது, 1970இல் வந்து பின்னால் திருத்தப்பட்டது: இப்படியான ஓர் அறிக்கையை வைத்து ஒருவருக்கு வேலை மறுப்பதற்கு முன்னால் அதன் பிரதியை அவர் கையில் கொடுக்கவேண்டும், பிழை என்று அவர் சொன்னால் அறிக்கை தந்த நிறுவனம் பொதுவாக 30 நாளுக்குள் மறுபடி விசாரிக்கவேண்டும். அந்தச் சட்டம் கொழும்புக்கு வந்து உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஆனால் சர்வதேச அளவில் இந்த வேலை செய்கிற நிறுவனங்கள் அந்த ஒழுங்குக்குப் பழகியவை, தங்களுக்குள் அதற்கென்று ஒரு பிரிவே வைத்திருப்பார்கள். சரியான வடிவத்தில் கேட்டால் சரியான மேசைக்குப் போகும்.

அத்தாட்சிக்கு என்ன இணைப்பது? இங்கேதான் எல்லோரும் வீணாக அலைகிறார்கள். முதலில் ஓடுவது பொலிஸ் ரிப்போர்ட் எடுக்க. எடுங்கள், கெடுதல் இல்லை, ஆனால் அது இலங்கையில் உங்கள்மேல் ஒன்றுமில்லை என்று மட்டும்தான் சொல்லும். அமெரிக்காவில் இருக்கிற ஆள் நீங்கள் இல்லை என்று அது சொல்லாது. உங்களுக்கு உண்மையில் கைகொடுப்பது ஈபிஎஃப். ஊழியர் சேமலாப நிதியை நாம் வயதான பிறகு கையில் வருகிற காசு என்று மட்டும் நினைக்கிறோம். சம்பளத்தில் உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் மாதாமாதம் போய்ச் சேர்கிற அந்தக் கணக்கு, நீங்கள் எந்த மாதத்தில் எந்த முதலாளியிடம் இந்த நாட்டில் வேலை செய்தீர்கள் என்பதற்கு மூன்றாம் தரப்பு ஒன்று வைத்திருக்கிற சாட்சி. கம்பனிக் கடிதத்தை நண்பனிடம் சொல்லி எழுதி வாங்கலாம் என்று ஒருவன் சந்தேகப்படலாம், இதை அப்படிச் சொல்லமுடியாது. 2013 தொடக்கம் உங்கள் பங்களிப்பு விவரத்தை எடுத்து, 2015, 2016, 2017க்கான வரிகளை அடையாளமிட்டு இணையுங்கள். அதோடு பழைய கடவுச்சீட்டு இருந்தால் அதன் எல்லாப் பக்கங்களும், வெற்றுப் பக்கம் உட்பட. அமெரிக்க விசா இல்லை என்பதை அந்த வெற்றுப் பக்கங்கள்தான் சொல்லும். ஓ.எல்., ஏ.எல். சான்றிதழ்கள். போதும்.

சிலர் சத்தியக்கடதாசியும் கேட்பார்கள். கேட்டால் மட்டும் கொடுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை: புதுக்கடை நீதிமன்றப் பக்கம் டைப் அடிக்கிற கடைகளில் போய்ப் 'பெயர் விஷயமாக ஒரு சத்தியக்கடதாசி' என்று சொன்னால், கேட்காமலே ஒரு ரெடிமேட் வாசகத்தை எடுத்துப் போடுவார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் பெயர் இருப்பவர்களுக்காக, 'மேற்படி இரண்டு பெயர்களும் என் ஒருவரையே குறிக்கும்' என்று சத்தியம் செய்கிற வாசகம் அது. பாதிப் பேர் அதற்குத்தான் வருகிறார்கள், அவர்கள்மேல் பிழையில்லை. உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. வாசிக்காமல் கையெழுத்துப் போட்டு, சமாதான நீதவானும் முத்திரை குத்திவிட்டால், அமெரிக்காக்காரனும் நானும் ஒரே ஆள்தான் என்று நீங்களே சத்தியம் செய்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு அவசரமான விஷயம், நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. பழைய கம்பனியில் இராஜினாமா கொடுத்தாயிற்று என்கிறீர்கள். நோட்டீஸ் காலம் முடிய இன்னும் எத்தனை நாள்? நாளைக்கே உங்கள் மேலதிகாரியைத் தனியாகச் சந்தித்து, புதிய இடத்தில் ஆவண வேலை தாமதமாகிறது, கடைசி நாளை ஒரு மாதம் தள்ளிப்போடமுடியுமா என்று கேளுங்கள். விவரம் முழுக்கச் சொல்லத் தேவையில்லை, பொய்யும் சொல்லவேண்டாம். ஒத்துக்கொண்டால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் எட்டாம் மாதத்தில் ஒரு பெண் இருக்கும்போது வீரம் காட்டவேண்டிய இடம் இது இல்லை. புதிய வேலைக் கடிதத்தையும் எடுத்து மறுபடி வாசியுங்கள், 'திருப்திகரமான பின்னணிப் பரிசோதனைக்கு உட்பட்டு' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இருக்கிற கடிதத்தை வைத்துக்கொண்டு இராஜினாமா கொடுக்கக்கூடாது என்று இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட மூன்று.

பெயர் மாற்றம். உங்கள் ஓ.எல். முதல் சிமா வரை, அடையாள அட்டை, கடவுச்சீட்டு, ஈபிஎஃப், வங்கி, விவாகப் பதிவு எல்லாம் இந்தப் பெயரில் இருக்கிறது. மாற்றினால் ஒவ்வொன்றாகத் துரத்தவேண்டும். அதைக்கூடச் செய்யலாம் என்று வையுங்கள். எல்லாப் பின்னணிப் படிவத்திலும் 'இதற்கு முன் வேறு பெயர் இருந்ததா' என்று ஒரு கேள்வி இருக்கிறது. பழைய பெயரை எழுதியே ஆகவேண்டும், எழுதினதும் அதே அமெரிக்கச் சுரேஷ்குமார் திரும்ப வந்து நிற்பார், இந்தமுறை 'இவர் ஏன் பெயரை மாற்றினார்' என்ற சந்தேகத்தையும் கூட்டிக்கொண்டு. இப்போது இருப்பது ஒரு தவறு, அப்போது அது ஒரு கதையாகிவிடும்.

பதிவை எடுக்கவைப்பது. அது உங்கள் பதிவே இல்லை, தம்பி. அவர் செய்ததாகச் சொல்லப்படுவதைப் பற்றிய பதிவு, அவரிடம் காசு கொடுக்கப்போகிற யாரோ ஒரு ஓய்வூதியக்காரர் பார்ப்பதற்காக அங்கே இருக்கிறது. துறையைவிட்டுப் போனவர்களுடைய விவரத்தையே புரோக்கர்செக் பொதுவாக 10 வருடம் வைத்திருக்கும், ஒழுக்காற்று நடவடிக்கையில் முடிவான தீர்மானம் உள்ளவர்களுடையது அதற்குப் பிறகும் இருக்கும். இருக்கத்தான் வேண்டும். நாளைக்கு உங்கள் அம்மாவின் சேமிப்பை யாராவது வந்து கேட்டால் நீங்களும் அப்படி ஒரு பதிவேட்டைத்தான் முதலில் தேடுவீர்கள். அந்த மனிதரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும்: முறைப்பாடு என்பது முறைப்பாடுதான், அதில் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டுகளும் இருக்கலாம் என்று அந்தப் பதிவேடே சொல்கிறது. ஆகவே 'நான் இல்லை, மோசடிக்காரன் இவன்தான்' என்று அவருடைய படத்தையும் போட்டு முகநூலில் எழுதுகிற வேலை வேண்டாம். உங்கள் கடிதத்தின் தொனியைப் பார்த்தால் அந்த யோசனை வந்திருக்கும் போலத் தெரிகிறது.

வழக்கு. இலங்கையில் அவதூறு 2002 முதல் குற்றவியல் விஷயம் இல்லை, சிவில் வழக்காகப் போடலாம். மாவட்ட நீதிமன்றத்தில் போட்டால் பிறக்கப்போகிற பிள்ளை பள்ளிக்கூடம் போகிற காலத்திலும் நீங்கள் தவணைக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள், வேலை வேறு யாருக்கோ போயிருக்கும். 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது, உங்களைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கிற தரவைப் பார்க்கவும் பிழையைத் திருத்தக் கேட்கவும் அது உரிமை தருகிறது. ஆனால் அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வரும் திகதி பின்னே தள்ளப்பட்ட கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆகவே மின்னஞ்சலின் கடைசி வரியில் அந்தச் சட்டத்தை ஒருமுறை பேர் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், மிரட்டவேண்டாம். இந்தக் கட்டத்தில் அவர்கள் உங்கள் எதிரிகள் இல்லை, சோம்பேறிகள்.

இந்தத் தடவை தப்பினாலும் அடுத்த வேலைக்கும் இதே அறிக்கை வரும், அதனால் கொஞ்சம் முன்கூட்டியே வேலை பார்த்துவைக்கவேண்டும். இனி விண்ணப்பம், லிங்க்ட்இன், சான்றிதழ், வெளியீடு எங்கேயும் அப்பாவின் பெயரை முழுதாக எழுதுங்கள், எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக் கூட்டலில். சிமா உறுப்பினர் இலக்கத்தைப் பெயரோடு சேர்த்தே போடுங்கள். டாக்டர்மார் மருந்துச் சீட்டில் குத்துகிற முத்திரையைப் பார்த்திருப்பீர்கள், பெயருக்குக் கீழே மருத்துவ சபைப் பதிவிலக்கம் இருக்கும். அதே பழக்கம்தான். ஆராய்ச்சிக்காரர்கள் இதே தலையிடியை அனுபவித்துவிட்டு 2012இல் 'ஓர்கிட்' என்று ஆளுக்கொரு 16 இலக்க எண்ணே உண்டாக்கிக்கொண்டார்கள். கணக்குத் துறைக்கு அப்படி உலகப் பொதுவான ஒன்று இல்லாதவரை உறுப்பினர் இலக்கம்தான் துணை. அடுத்த வேலைக்குப் பின்னணிப் படிவம் நிரப்பும்போதே, 'இந்த சிஆர்டி இலக்கத்தில் இதே பெயருள்ள வேறொருவர் இருக்கிறார், அவர் நான் இல்லை' என்று மேலதிகத் தகவல் கட்டத்தில் நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிடுங்கள். கண்டுபிடித்தேன் என்று வருகிறவனுக்கு வேலை மிச்சம்.

ஆனால் ஆர்வக்கோளாறில் அடையாள அட்டை இலக்கத்தைத் தூக்கி இணையத்தில் போட்டுவிடாதீர்கள், சிலர் செய்கிறார்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஒரு எழுத்தும்: முதல் இரண்டு பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தில் எத்தனையாவது நாள், பெண்களானால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016இலிருந்து வந்த 12 இலக்கத்தில் வருடம் முழுதாகவே இருக்கிறது. அதை ஒருவன் பார்த்தால் உங்கள் பிறந்தநாள் கையில். பிரித்தானியாவின் கம்பனிப் பதிவேட்டில் ஒரே பெயருள்ள பணிப்பாளர்களைப் பிரித்தறியப் பிறந்த மாதமும் வருடமும் மட்டும் காட்டுகிறார்கள், 2015 ஒக்டோபரிலிருந்து நாளை மறைத்துவிட்டார்கள். அந்த அளவுதான் சரி. விண்ணப்பத்திலும் அவ்வளவே போடுங்கள், முழு இலக்கத்தைக் கேட்கிறவருக்கு மட்டும் நேரே கொடுங்கள்.

கொழும்பிலேயே இதுமாதிரி மாட்டுகிறவர்களும் எனக்கு எழுதுகிறார்கள், பெரும்பாலும் வழக்குத் தீர்ப்பு அல்லது வங்கியின் பரேட் ஏல (கடன் கட்டாதவரின் அடகுச் சொத்தை வழக்கில்லாமலே விற்கிற ஏலம்) அறிவித்தல் ஒன்றில் தங்கள் பெயரைப் பார்த்துவிட்டு. அவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். நம்முடைய உயர் நீதிமன்ற, மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகளின் முதல் பக்கத்தில் கட்சிக்காரர்களுடைய முழுப் பெயரும் விலாசமும் அச்சாகியிருக்கும், அதைக் காட்டி, அந்த விலாசத்தில் நான் ஒருநாளும் இருந்ததில்லை என்றால் விஷயம் முடிந்தது. கடன் பற்றிய சந்தேகமென்றால் க்ரிப் என்கிற கடன் தகவல் பணியகத்தில் உங்கள் சொந்த அறிக்கையை எடுத்துக் கொடுங்கள், அங்கே தேடுவது அடையாள அட்டை இலக்கத்தை வைத்து.

அப்புறம் பிள்ளையின் பெயர். சிரிக்கவில்லை. யாருக்கும் இல்லாத பெயர் வைத்தால் இந்தத் தொல்லை வராது, உண்மைதான், ஆனால் வேறொன்று வரும்: 17 வயதில் அவன் இணையத்தில் எழுதுகிற அசட்டுத்தனமெல்லாம் 30 வயதில் வேலைக்குப் போகும்போது முதல் பக்கத்தில் வரும், 'அது நான் இல்லை' என்று சொல்லவும் முடியாது. பொதுப் பெயர்க்காரனுக்குக் கூட்டத்தில் மறைந்துகொள்கிற வசதியாவது உண்டு. ஆகவே உங்களுக்கும் மனைவிக்கும் பிடித்த பெயரை வையுங்கள். பிறந்து 42 நாளுக்குள் பதியவேண்டும், பிந்தினாலும் மூன்று மாதத்தைத் தாண்டவிடாதீர்கள், தாண்டினால் காலங்கடந்த பதிவு என்று அலைச்சல். பதியப் போகுமுன்னர் இரண்டுபேரும் உட்கார்ந்து, தமிழில் ஒரு சொல்லா இரண்டு சொல்லா, ஆங்கிலத்தில் எந்த எழுத்துகள், அப்பாவின் பெயர் முன்னாலா பின்னாலா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எண்சாத்திரம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டுவதென்றால் மாமியாரிடம் இப்போதே கேட்டு முடித்துவிடுங்கள், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஆரம்பிக்கவேண்டாம்.

இரண்டு வாரத்தில் அவர்களிடமிருந்து எழுத்தில் பதில் வராவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், சட்டத்தரணி கடிதத்தாளில் ஒன்று போடுவோம். வரும்போது ஈபிஎஃப் விவரத்தையும் வேலைக் கடிதத்தையும் கொண்டுவாருங்கள்.